கம்பனி உடன்படிக்கைக்கு வருகிறது: மாணவர் பக்கம் என்ன கேட்பது?

கேட்டவர் வன்னியில் ஒரு பீடத்தில் கணினி படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி, வகுப்புப் பிரதிநிதி. கொழும்பு மென்பொருள் கம்பனி ஒன்று தங்கள் பீடத்தோடு புரிந்துணர்வு உடன்படிக்கை செய்யப்போகிறதாம். மாணவர் சார்பில் ஒருவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "இதால எங்களுக்கு உண்மையா என்ன கிடைக்கும், நான் என்ன கேக்க வேணும் அண்ணா?" என்று எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, ஒன்றே ஒன்றைத்தான் கேட்க நேரம் தருவார்கள் என்றால் இதைக் கேளுங்கள்: "நாங்கள் எழுதுகிற கோட்டை (கணினி நிரலை) கிழமைக்கு ஒருமுறை வாசித்துப் பிழை சொல்ல உங்கள் கம்பனியிலிருந்து ஒரு பொறியியலாளர் கிடைப்பாரா?" ஓம் என்றால் மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம். இல்லை என்றால், இந்த உடன்படிக்கையால் வரப்போகும் நன்மையை இப்போதே சின்னதாகக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

நான் பரந்தன் ஆள். பதினைந்து வருடமாகக் கொழும்பில் கோட் எழுதிச் சாப்பிடுகிறேன். நான்கைந்து வருடமாகச் சனிக்கிழமைகளில் வன்னிப் பிள்ளைகளின் கோட்டை வாசித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வது இது, கொஞ்சம் பக்கச்சார்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்போம். பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது, 2021 ஆகஸ்டில்தான் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியலுக்குத் தனித் துறையே உண்டு. பக்கத்திலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். ஆக, படிக்கிற பிள்ளைகளுக்கோ கட்டடத்துக்கோ இங்கே பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிற பெரிய கம்பனிகள் கொழும்பில் இருக்கின்றன. வவுனியாவிலிருந்து சுமார் 250 கிலோமீற்றர், கிளிநொச்சியிலிருந்து 300க்கும் மேல்.

இந்தத் தூரத்தை வெறும் பஸ் பயணமாக நினைக்காதீர்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை எடுங்கள். அங்கே படித்த அண்ணா அக்காமார் பக்கத்திலேயே கம்பனிகளில் இருக்கிறார்கள். வேலை முடிந்து பின்னேரம் வளாகத்துக்கு வந்து ஒரு பாடம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். டயலொக் நிறுவனம் அந்த வளாகத்துக்குள்ளேயே ஓர் ஆய்வுகூடம் நடத்துகிறது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று தேநீர்க் கடையில் நின்றபடியே, வேலை செய்கிற ஒருவரிடம் "இதை எப்படிச் செய்வீர்கள்" என்று கேட்டுவிடலாம். எந்த உடன்படிக்கையும் இல்லாமலே நடக்கிற காரியம் இது. வன்னியில் அது தானாக நடக்காது. ஒருவர் வேண்டுமென்று முயன்று ஏற்பாடு செய்தால்தான் நடக்கும். எங்களுக்கு உடன்படிக்கை தேவைப்படுவதற்குக் காரணமே இதுதான். ஆனால் அதில் எழுதப்படுவது பெரும்பாலும் வேறு விஷயங்களாக இருக்கும்.

என்னென்ன எழுதப்படும்? இலவச மென்பொருள் அனுமதிகள் என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். கிட்ஹப் மாணவர் பொதி, ஜெட்பிரெயின்ஸ் கருவிகள், மைக்ரோசொப்டின் மாணவர் அஷூர் கணக்கு எல்லாம் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி இருந்தாலே கிடைப்பவை. சிஸ்கோவின் வலையமைப்புக் கல்விக்கூடம் 1997இலிருந்து உலகம் முழுக்க நடக்கிறது, அதற்கும் கொழும்புக் கம்பனி இடையில் நிற்கத் தேவையில்லை. விருந்தினர் விரிவுரை என்று இன்னொரு வரி வரும். வரட்டும், ஒரு பின்னேரம் நல்லாய்ப் போகும். ஆய்வுகூடத்துக்குக் கணினி தருவதாகச் சொன்னால் சந்தோஷமாக வாங்குங்கள், ஆனால் மூன்றாம் வருடம் யூபிஎஸ் பற்றரி செத்தால் யார் மாற்றுவது என்றும் கேட்டு வையுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நாடா வெட்டித் திறந்த ஆய்வுகூடம் ஒன்றில் பாதிக் கணினிகள் துணி போர்த்திக்கொண்டு தூங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு "பயிற்சிநெறி" என்று ஒன்று வரும். இதைக் கவனமாகப் பாருங்கள். கம்பனிகள் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பாடம் நடத்துவது புதிதில்லை. இந்தியாவில் இன்ஃபோசிஸ் 2004இலேயே கெம்பஸ் கனெக்ட் என்ற பெயரில் பொறியியல் கல்லூரிகளோடு சேர்ந்து தன் பாடத்திட்டத்தைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. கம்பனிக்கு அதில் என்ன லாபம் என்பது ஒளிவுமறைவில்லை. வேலைக்கு எடுத்த பிறகு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்துப் பழக்குவதை விட, வளாகத்திலேயே பழக்கி எடுப்பது மலிவு. அதில் தப்பில்லை, இரண்டு பக்கத்துக்கும் நன்மைதான். தப்பு எங்கே என்றால், கம்பனி தன் சொந்தப் பொருளை மட்டும் சொல்லித் தரும்போது. அந்தக் கம்பனியின் வாசலைத் தாண்டினால் யாருக்கும் தெரியாத ஒரு கருவியில் நாற்பது மணித்தியாலம் செலவழித்துச் சான்றிதழ் வாங்கினால், அந்தக் கம்பனி உங்களை எடுக்காவிட்டால் அது சுவரில் மாட்டத்தான் உதவும். அதனால் பாடத் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். கிட், சோதனை எழுதுவது, எஸ்கியூஎல், லினக்ஸ், எச்டிடிபி எப்படி வேலை செய்கிறது என்கிற மாதிரி எங்கே போனாலும் கூட வருகிற சரக்கு பாதிக்கு மேல் இருந்தால் சரி.

இனி நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கோட் வாசிப்பது ஏன் அவ்வளவு பெரிது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். இறுதியாண்டுப் பிள்ளைகள் நால்வர் நெல் கொள்வனவுக்கு ஒரு செயலி செய்தார்கள். இரணைமடுக் குளத்துக் கீழ் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை ஒருவரின் யோசனை அது. காலபோக அறுவடை நேரத்தில் லான்ட்மாஸ்டர் உழவியந்திரத்தில் மூடைகள் வந்து இறங்கும், தராசில் ஏறும், கொப்பியில் எழுதுவார்கள், பிறகு கணக்கில் சண்டை வரும். அந்தக் கொப்பிக்குப் பதிலாகத்தான் இவர்களின் செயலி. பார்வைக்கு நல்ல அழகு. பீடத்தில் செய்து காட்டியபோது நல்ல புள்ளிகள் விழுந்தன. விழத்தான் வேண்டும், உழைத்திருந்தார்கள்.

அந்தக் கோட்டை நான் வாசித்தேன். நெல் வந்த நேரத்தைத் தரவுத்தளத்தில் உலகப் பொது நேரத்தில் சேமித்திருந்தார்கள், அது சரி. ஆனால் "இன்றைய கொள்வனவு" என்று அறிக்கை எடுக்கும் இடத்தில் அதை இலங்கை நேரத்துக்கு மாற்றாமல் திகதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். எங்கள் நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிறது. அதிகாலை 5 மணிக்குத் தராசில் ஏறிய நெல், உலகப் பொது நேரத்தில் முதல் நாள் இரவு 11.30. அதாவது விடியற்காலை 5.30க்கு முன் வந்த மூடை எல்லாம் முந்திய நாள் கணக்கில் போய் விழும். நெல் விலை நாளுக்கு நாள் மாறுகிற காலம். வெள்ளன எழும்பி வந்த கமக்காரனுக்கு நேற்றைய விலை, ஆறு மணிக்கு வந்தவருக்கு இன்றைய விலை!

நான் பிழையைச் சொல்லவில்லை. "காலை ஐந்து மணிக்கு ஒரு பதிவு போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் எழுதி விட்டேன். அடுத்த சனிக்கிழமை சூமில் அந்த வயல்காரப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அண்ணா, எங்கட அப்பா எப்பவும் நாலரைக்கே போயிடுவார்" என்றார். அவர்கள் செய்து காட்டியதெல்லாம் காலை பத்து மணிக்கு, விரிவுரை மண்டபத்தில். பத்து மணிக்கு அந்தப் பிழை வெளியே வராது.

அதே கோட்டில் ரூபா கணக்கை, தசமங்களை இரும எண்ணாகச் சேமிக்கும் மிதவைப் புள்ளி எண்ணில் வைத்திருந்தார்கள். கணினியில் அப்படி 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும் என்பது அவர்களுக்குப் பாடத்தில் தெரியும். பரீட்சையில் எழுதியும் இருக்கிறார்கள். தங்கள் கோட்டில் அது இருக்கிறது என்பதுதான் தெரியாது. விரிவுரையாளரைக் குறை சொல்ல ஏலாது. எண்பது பிள்ளைகளின் புரொஜெக்டை ஒரு கிழமையில் பார்த்து முடிக்க வேண்டிய மனிதர் வரி வரியாக எப்படி வாசிப்பார்? கம்பனியில் இது தினசரி வேலை. எவர் எழுதினாலும் இன்னொருவர் வாசித்து ஒப்புக்கொள்ளாமல் கோட் உள்ளே போகாது. பதினைந்து வருடம் போன பிறகும் என் கோட்டை என்னை விட இளைய பிள்ளைகள் வாசித்துப் பிழை பிடிக்கிறார்கள். இந்தப் பழக்கத்தைத்தான் கம்பனி உங்களுக்குத் தரலாம். இதற்குக் கட்டடம் தேவையில்லை. ஒரு பொறியியலாளரின் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் தேவை. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் கம்பனிகள் தயங்கும், ஏனென்றால் கணினி வாங்கிக் கொடுப்பதை விட அதுதான் அவர்களுக்கு விலை கூடியது.

இதில் மொழிப் பிரச்சினை ஒன்றும் உண்டு. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வளாகத்தில் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் நாங்கள். தொடக்கத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொரு குறிப்புக்கும் "ஓகே சேர்" என்றுதான் பதில் வந்தது. விளங்கினாலும் "ஓகே சேர்", விளங்காவிட்டாலும் "ஓகே சேர்". பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம்: குறிப்பு ஆங்கிலத்தில், ஏனென்றால் நாளைக்கு வேலையில் அப்படித்தான் வரும்; ஆனால் சூமில் வாக்குவாதம் தமிழில். ஒவ்வொரு சனியும் என் குறிப்புகளில் ஒன்றையாவது அவர்கள் "இல்லை, நீங்கள் சொல்வது பிழை" என்று மறுத்தே ஆகவேண்டும் என்றும் சொன்னேன். முதல் மாதம் மயான அமைதி. இரண்டாம் மாதம் ஒரு பிள்ளை மறுத்தார், அவர் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு என்னால் வாய் திறக்க முடியவில்லை என்று வையுங்கள்.

உங்கள் கம்பனி ஆள் சிங்களவராகவோ ஆங்கிலம் மட்டும் பேசுகிறவராகவோ இருந்தாலும் பரவாயில்லை. கூட ஒரு தமிழ் தெரிந்த பொறியியலாளரை இருத்தச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான கம்பனிகளில் இப்போது எங்கள் ஆட்கள் ஒருவராவது இருப்பார்கள்.

சரி, இன்டர்ன்ஷிப். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் பின்னுக்குத் தள்ளியதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு மாதம் தொழிற்பயிற்சிக்குப் போவதும், பயிற்சிக் குறிப்பேட்டை எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குவதும் உங்களுக்குத் தெரிந்ததே. குறிப்பேட்டில் எதை எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். நான் பயிற்சிக்குப் போன இடத்தில் மூன்று மாதம் முழுக்க மென்பொருளின் திரைகளைப் படம் பிடித்துப் பயனர் கையேட்டில் ஒட்டினேன். மென்பொருளின் நிறத்தை மாற்றினார்கள், திரும்ப எல்லாவற்றையும் படம் பிடித்தேன். குறிப்பேட்டில் அதற்கு "ஆவணப்படுத்தல்" என்று பெயர். கையெழுத்தும் விழுந்தது. ஆகவே கூட்டத்தில் எத்தனை பேருக்கு இடம் என்று மட்டும் கேட்காதீர்கள். போன வருடம் எடுத்த பயிற்சியாளர்கள் என்ன செய்தார்கள், அவர்களில் ஒருவரோடு பேசலாமா என்று கேளுங்கள். நல்ல கம்பனி உடனே தொலைபேசி இலக்கம் தரும்.

செலவையும் வெட்கப்படாமல் எடுத்துப் பேசுங்கள். கொழும்புப் பிள்ளை வீட்டிலிருந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகும். வன்னிப் பிள்ளை வெள்ளவத்தையில் அறை எடுக்க வேண்டும், முற்பணம் கட்ட வேண்டும், மூன்று நேரமும் கடையில் சாப்பிட வேண்டும். பயிற்சிப் படி அறை வாடகைக்கே சரி. நல்ல புள்ளிகள் இருந்தும் "ஊருக்குப் பக்கத்திலேயே ஏதும் பார்க்கிறேன்" என்று ஒதுங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதிலும் பெண்பிள்ளைகள்தான் அதிகம். 2020இல் கொரோனா வந்து எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்தபோது இந்தத் தடை கொஞ்சம் உடைந்தது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பிள்ளை, கிணற்றடியில்தான் சிக்னல் வரும் என்று அங்கேயே கதிரை போட்டு ஆறு மாதப் பயிற்சியையும் முடித்தார். காலைக் கூட்டத்தில் கப்பிச் சத்தம் கேட்கும், எங்களுக்குப் பழகிவிட்டது. ஆகவே முதல் நான்கு கிழமை கொழும்பில், மிச்சம் ஊரிலிருந்து என்று கேட்கலாம். முழுக்க ஊரிலிருந்தே என்று கேட்பதை நான் விரும்பவில்லை. பக்கத்துக் கதிரையில் இருப்பவரைப் பார்த்துப் படிக்கிற சில விஷயங்கள் திரை வழியாக வராது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இலிருந்தே ஒரு தவணை படிப்பு, ஒரு தவணை வேலை என்று மாறி மாறி அனுப்புகிறது. ஜேர்மனியில் இரட்டைக் கல்வி முறை என்று இதை இன்னும் இறுக்கமாகவே செய்கிறார்கள். வேலைக்குப் போய்த் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பி வருவதில் ஒரு தனி ருசி இருக்கிறது. எங்கள் பாடத்திட்டத்தை அப்படி மாற்றுவது பீடச் சபை, மூதவை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று ஏறி இறங்க வேண்டிய காரியம். நீங்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள். அதனால்தான் பயிற்சிக்கு முந்திய வருடமே சனிக்கிழமைக் கோட் வாசிப்பைத் தொடங்கச் சொல்கிறேன். அதற்கு எவருடைய அனுமதியும் பெரிதாகத் தேவையில்லை. பயிற்சிக்குப் போகும்போதே கம்பனிப் பழக்கத்தோடு போகலாம்.

இப்போது கடதாசி. உடன்படிக்கையின் பிரதியைக் கேளுங்கள், தருவார்கள். மூன்று இடத்தைப் பாருங்கள். பயிற்சிக் காலத்தில் அல்லது இறுதியாண்டுப் புரொஜெக்டில் எழுதும் கோட் யாருக்குச் சொந்தம்? கம்பனி வேலைக்குள் எழுதினால் கம்பனிக்கு, அது நியாயம். உங்கள் சொந்த யோசனையில் செய்ததையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனால் நியாயமில்லை. பட்டம் முடிந்து இத்தனை வருடம் இங்கேதான் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்டு என்று பிணை இருக்கிறதா? இருந்தால் வீட்டில் பெரியவர்களோடும் ஒரு சட்டத்தரணியோடும் பேசாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். மூன்றாவதாக, ஆட்களின் பெயர். இது கொஞ்சம் விளக்க வேண்டியது.

இந்த உடன்படிக்கைகள் சாவது பணத்தால் இல்லை. பீடத்தில் தொழிற்பயிற்சியைக் கவனிக்கிற இளம் விரிவுரையாளர் கலாநிதிப் படிப்புக்கு வெளிநாடு போவார். கம்பனியில் இதற்காக ஓடித் திரிந்த எங்கள் ஊர்ப் பெடியன் வேறு கம்பனிக்கு மாறுவான், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போவான். 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் வந்தபோது, என்னோடு இருந்த மூத்த பொறியியலாளர்கள் எத்தனை பேர் போனார்கள்! அதோடு அவர்கள் தொட்டு வைத்த வேலைகளும் போயின. நான் சம்பந்தப்பட்ட ஒரு ஏற்பாடும் அந்த வருடம் அப்படித்தான் படுத்தது. உடன்படிக்கை இன்றைக்கும் காலாவதியாகவில்லை, கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. அதனால் இரண்டு பக்கத்திலும் இரண்டிரண்டு பேரின் பெயர் எழுதப்பட வேண்டும். ஒருவர் போனால் மற்றவர் இருப்பார்.

கம்பனி எல்லாவற்றுக்கும் கைவிரித்துவிட்டால்? அப்போதும் வழி அடைபடவில்லை. இலங்கையில் 2003இல் சஞ்சீவ வீரவரண தொடங்கிய லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் இங்கிருந்தே அப்பாச்சியின் திறமூலத் திட்டங்களில், அதாவது கோட்டை எவரும் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடிய திட்டங்களில், ஆட்களைப் பங்களிக்க வைத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எங்கள் நாட்டுத் தன்னார்வலர்களே திறமூலமாக எழுதினார்கள், அது பிறகு வேறு நாடுகளுக்கும் போனது. கூகுளின் கோடைக்காலக் கோட் திட்டம் 2005இலிருந்து நடக்கிறது, ஒரு வழிகாட்டியும் தருகிறது, உதவித்தொகையும் தருகிறது. மொரட்டுவைப் பிள்ளைகள் பல வருடங்கள் அதில் உலகத்திலேயே முன்வரிசையில் நின்றவர்கள். அதற்கு அவர்களுக்குக் கட்டடம் எதுவும் உதவவில்லை, முந்திய வருடம் செய்த அக்கா விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்ததுதான் உதவியது. திறமூலத் திட்டத்துக்கு நீங்கள் அனுப்பும் கோட்டை முன்பின் தெரியாத ஒருவர் வாசித்துத் திருத்தச் சொல்லுவார், பம்பைமடுவா அமெரிக்காவின் பாலோ ஆல்டோவா என்று கேட்க மாட்டார். ஒரு ஆவணப் பிழை திருத்தத்திலிருந்து தொடங்கலாம்.

கூட்டத்துக்குப் போகும்போது மடிக்கணினியையும் கொண்டு போங்கள். தேநீர் வேளையில் கம்பனியிலிருந்து வந்த பொறியியலாளரைப் பிடியுங்கள். மனிதவளப் பிரிவு ஆளைச் சொல்லவில்லை, கோட் எழுதுகிறவரை. நீங்கள் இரண்டாம் ஆண்டில் எழுதிய எதையாவது திறந்து காட்டி, "இதில் என்ன பிழை?" என்று கேளுங்கள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாரென்றால் பீடாதிபதியிடம் போய், கையெழுத்து வைக்கலாம் சேர் என்று சொல்லுங்கள். "மெயில் பண்ணுங்கோ, பார்க்கிறேன்" என்றால், மெயில் பண்ணுங்கள். அன்றைக்கே போய் ஒரு திறமூலத் திட்டத்தையும் தேடத் தொடங்குங்கள்.